ஒரு பழைய ஜெர்சிக்கு 200 கோடி ரூபாய்: பேஸ்பால் ஏலங்களில் உண்மையில் விற்பது எது?

2024 ஆகஸ்ட் 25, ஞாயிறு அதிகாலை. அமெரிக்காவின் டல்லஸ் நகரைச் சேர்ந்த ஹெரிட்டேஜ் என்ற ஏல நிறுவனம் ஒரு சட்டையை விற்றது. சாம்பல் நிறத் துணி, முன்பக்கம் 'நியூ யார்க்' என்ற எழுத்துகள், வயது 92. விலை 2 கோடியே 41 லட்சத்து 20 ஆயிரம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 200 கோடி ரூபாய். விளையாட்டு நினைவுப் பொருள் ஒன்று ஏலத்தில் அதுவரை இவ்வளவு விலைக்குப் போனதில்லை.

"ஒரு சட்டைக்கா இவ்ளோ?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதைவிடச் சுவாரஸ்யமான கேள்வி வேறொன்று இருக்கிறது. இதே சட்டை 2005-ல் ஏலத்துக்கு வந்தபோது 9 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குத்தான் போனது. 19 ஆண்டுகளில் கிட்டத்தட்ட 26 மடங்கு. இடைப்பட்ட காலத்தில் சட்டையில் எதுவும் புதிதாகச் சேரவில்லை. நூல் இன்னும் கொஞ்சம் பழசானது, அவ்வளவுதான். அப்படியானால் கூடியது எது?

பேஸ்பால் நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத ஆட்டம். ஆனால் 'மாற்று முதலீடு' என்ற பெயரில் வாட்ச், ஸ்னீக்கர், ஸ்போர்ட்ஸ் கார்டு எல்லாம் நம்முடைய இன்ஸ்டாகிராமிலும் வர ஆரம்பித்துவிட்டன. அந்தச் சந்தை எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ள, அதன் மிகப் பழைய, மிகப் பெரிய வடிவமான பேஸ்பால் ஏலங்களைப் பார்ப்பதுதான் சரியான வழி. அங்கே நூறாண்டு விலை வரலாறு இருக்கிறது. மோசடி வரலாறும் இருக்கிறது.

அந்தச் சட்டையில் அப்படி என்ன இருக்கிறது?

1932 அக்டோபர் 1. சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு மைதானம். அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸின் மூன்றாவது ஆட்டம். நியூ யார்க் யாங்கீஸ் அணிக்கும் சிகாகோ கப்ஸ் அணிக்கும் போட்டி. ஐந்தாவது இன்னிங்ஸில் ஸ்கோர் 4-4. பேட் பிடித்து நிற்பவர் பேப் ரூத், அன்றைய அமெரிக்காவின் மிகப் பெரிய நட்சத்திரம். கப்ஸ் அணியினர் அவரைக் கிண்டல் செய்துகொண்டே இருக்கிறார்கள். ரூத் கையை நீட்டி எதையோ சுட்டிக்காட்டுகிறார். பிட்சர் சார்லி ரூட் வீசிய அடுத்த பந்து மைதானத்தின் நடுப்பகுதிக்கு மேலே பறந்து ஹோம் ரன் ஆகிறது.

'இதோ, அங்கேதான் அடிக்கப் போகிறேன்' என்று சொல்லி அடித்தார் என்பது ரசிகர்களின் நம்பிக்கை. அமெரிக்காவில் இதை 'கால்டு ஷாட்' என்கிறார்கள். அவர் காட்டியது மைதானத்தின் நடுப்பகுதியையா, எதிரணியையா, பிட்சரையா என்ற வாதம் இன்றுவரை முடியவில்லை. அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று பந்து வீசிய ரூட் கடைசிவரை மறுத்தார். பின்னாளில் வெளிவந்த, ரசிகர்கள் எடுத்த படச்சுருள்களில் ரூத் கையை நீட்டுவது தெரிகிறது. எதைக் காட்டுகிறார் என்பது தெரியவில்லை.

ஏலத்துக்கு வந்தது அன்று ரூத் போட்டிருந்ததாகச் சான்றளிக்கப்பட்ட ஜெர்சி. 1940 வாக்கில் ஃப்ளோரிடாவில் தன்னோடு கோல்ஃப் ஆடிய நண்பருக்கு ரூத் அதைக் கொடுத்தார். அந்தக் குடும்பத்திடம் பல பத்தாண்டுகள் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் நண்பரின் மகள் அதை ஒரு சேகரிப்பாளருக்கு விற்றார். பிறகு 2005 ஏலம், பிறகு 2024 ஏலம்.

இப்போது ஒரு ஒப்பீடு. ரூத் 1928-30 காலத்தில் அணிந்த இன்னொரு ஜெர்சி 2019-ல் 56 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விற்றது. அதே வீரர், அதே அணி, ஏறக்குறைய அதே காலத்துத் துணி. இரண்டு விற்பனைக்கும் நடுவில் சந்தை பொதுவாகவே ஏறியது உண்மைதான். ஆனாலும் நான்கு மடங்குக்கு மேலான இடைவெளியைச் சந்தை மட்டும் உருவாக்கவில்லை. ஒரு சட்டையோடு ஒரு பிற்பகலின் கதை ஒட்டியிருக்கிறது, இன்னொன்றில் அது இல்லை. அந்தக் கதை இந்தச் சட்டைக்குத்தான் சொந்தம் என்று காட்டும் சான்றும் ஒட்டியிருக்கிறது. விலை போவது இந்த இரண்டுக்கும்தான்.

பேஸ்பாலில் மட்டும் ஏன் இவ்வளவு பெரிய சந்தை?

முதல் காரணம் எளிது. கிரிக்கெட்டில் சிக்ஸர் கூட்டத்துக்குள் விழுந்தால் பந்தைத் திருப்பிப் போட்டுவிடுகிறோம். அதே பந்தில்தான் ஆட்டம் தொடர வேண்டும். பேஸ்பாலில் கூட்டத்துக்குள் விழுந்த பந்து பிடித்தவருக்கே சொந்தம். ஒவ்வொரு ஆட்டத்திலும் பல பந்துகள் ரசிகர்களின் வீட்டுக்குப் போகின்றன. அவற்றில் எப்போதாவது ஒன்று சரித்திரமாகிவிடும்.

இரண்டாவது காரணம் கார்டுகள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சிகரெட் பாக்கெட்டுக்குள் வீரர்களின் படம் போட்ட சின்ன அட்டைகளை வைத்து விற்றார்கள். பாக்கெட் நசுங்காமல் இருக்க ஒரு அட்டை, அதுவே விளம்பரம். பிறகு அது பபிள்கம்மோடு வந்தது. நம்மூர்ப் பையன்கள் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் ஸ்டிக்கருக்காகச் சண்டை போட்டதுபோல, அமெரிக்காவில் ஒவ்வொரு தலைமுறையும் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறது. அந்தப் பையன்கள் 50 வயதில் கையில் காசோடு திரும்பி வரும்போது ஏலக்கூடம் சூடாகிறது.

மூன்றாவது, அரிதாகிப்போவது. இதற்கு இரண்டு புகழ்பெற்ற உதாரணங்கள் உண்டு.

ஹோனஸ் வாக்னர், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஆட்டக்காரர். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் வெளியிட்ட 'டி206' என்ற அட்டை வரிசையில் அவர் படமும் இருந்தது. தன் படத்தைப் போட வேண்டாம் என்று வாக்னர் சொல்லிவிட, அச்சடிப்பது பாதியில் நின்றது. சிறுவர்கள் தனக்காகப் புகையிலை வாங்கக் கூடாது என்று நினைத்தார் என்பது ஒரு விளக்கம். பணம் தராததால் மறுத்தார் என்பது இன்னொன்று. எதுவாக இருந்தாலும் இன்று இருப்பதாகத் தெரிந்தவை சுமார் 60 அட்டைகள்தான். நல்ல நிலையில் இல்லாத ஒன்றுகூட 2022-ல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது.

இரண்டாவது, மிக்கி மேன்டில். 1952-ல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட அவரது அட்டை. அந்த வரிசையின் கடைசிப் பகுதி பருவத்தின் இறுதியில் வெளியானதால் சரியாக விற்கவில்லை. தேங்கிக் கிடந்த பெட்டிகளை 1960-ல் படகில் ஏற்றிக் கடலில் கொட்டியதாக, அந்த அட்டைகளை உருவாக்கியவர்களில் ஒருவரான சை பெர்கரே பின்னாளில் சொன்னார். அப்படித் தப்பிய ஒரு மேன்டில் அட்டை, பத்துக்கு 9.5 தரம் பெற்றது, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 'பழைய கார்டு தங்கம்' என்ற பேச்சு பரவியதும், 1980-களின் இறுதியிலும் 90-களின் தொடக்கத்திலும் எல்லோரும் புது கார்டுகளை வாங்கிப் பத்திரமாக வைத்தார்கள். நிறுவனங்கள் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளின. விளைவு, அந்தக் கால அட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்று மதிப்பே இல்லை. மதிப்பு வந்தது, யாரும் பாதுகாக்க வேண்டும் என்று நினைக்காதவற்றுக்கு. எல்லோரும் பாதுகாத்தது குப்பையானது.

ஏலம் எப்படி நடக்கிறது?

சுத்தியலோடு ஒருவர் மேடையில் நின்று 'ஒரு தரம், இரண்டு தரம்' சொல்லும் காட்சி இப்போது குறைவு. பெரும்பாலான ஏலம் இணையத்தில், பல நாள்களுக்கு நடக்கிறது. புரிந்துகொள்ள வேண்டிய விதிகள் சில உண்டு.

முதலாவது, செய்தியில் வரும் விலை ஏலம் கேட்ட விலை அல்ல. அதோடு 'பையர்ஸ் பிரீமியம்' என்ற கட்டணம் சேர்ந்தது. ஹெரிட்டேஜில் ரூத் சட்டைக்கு அது 20 சதவீதம். அதாவது கேட்கப்பட்ட விலை 2 கோடியே 1 லட்சம் டாலர். மீதி 40 லட்சத்து 20 ஆயிரம் டாலர் கட்டணம். பெரிய பொருள் என்றால் அதில் ஒரு பங்கை விற்பவருக்கு விட்டுக்கொடுப்பதும் உண்டு. ஆனால் வாங்குபவர் கட்டுவது முழுத் தொகையை.

இரண்டாவது, நேர நீட்டிப்பு. ஈபேயில் குறித்த நொடியில் ஏலம் முடியும். அதனால் கடைசி நொடியில் வந்து கொத்திக்கொண்டு போவது அங்கே ஒரு கலை. பெரிய ஏல நிறுவனங்களில் அது நடக்காது. இறுதி நேரத்துக்குப் பிறகு யாராவது ஏலம் கேட்டால் கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கும். அரை மணி நேரம் யாரும் கேட்காமல் இருந்தால்தான் முடிவு. சனி இரவு முடிய வேண்டிய ஏலம் ஞாயிறு அதிகாலைக்குப் போவது இப்படித்தான். தூக்கக் கலக்கத்தில் 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று பட்டனை அழுத்தும் மனநிலையை இந்த விதி நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறது.

மூன்றாவது, பொருளாதாரத்தில் 'வென்றவரின் சாபம்' என்று சொல்லப்படும் சிக்கல். உதாரணத்துக்கு, 100 டாலர் மதிப்புள்ள ஒரு பொருளை ஐந்து பேர் மதிப்பிடுகிறார்கள். ஒருவர் 70, அடுத்தவர் 85, பிறகு 100, 115, 130. சராசரி எடுத்தால் சரியாக 100. ஆனால் ஏலத்தில் ஜெயிப்பது சராசரி இல்லை. 115 சொன்னவர் விலகியதும் 130 சொன்னவர் 116-க்கு எடுத்துவிடுவார். ஜெயித்ததாகக் கொண்டாடுவார், உண்மையில் 16 டாலர் அதிகம் கொடுத்திருப்பார். 20 சதவீதக் கட்டணத்தையும் சேர்த்தால் 39 டாலர். மதிப்பைத் துல்லியமாகச் சொல்ல முடியாத பொருள்களில் இந்தச் சாபம் பலமாக வேலை செய்யும். பழைய சட்டைக்கும் பழைய அட்டைக்கும் வருமானம், டிவிடெண்ட், வாடகை எதுவும் கிடையாது. அடுத்தவர் என்ன கொடுப்பார் என்பது மட்டும்தான் மதிப்பு.

உண்மையானது என்று யார் சொல்கிறார்கள்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. சான்று மூன்று வழிகளில் வருகிறது.

அட்டைகளுக்கு 'கிரேடிங்'. பிஎஸ்ஏ, எஸ்ஜிசி போன்ற நிறுவனங்களுக்கு அட்டையை அனுப்பினால், மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து ஒன்று முதல் பத்து வரை தரம் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அந்த எண்தான் விலை. அதே 1952 மேன்டில் அட்டை கசங்கிய நிலையில் பத்தாயிரக்கணக்கான டாலருக்குக் கிடைக்கும், 9.5 தரத்தில் கோடி டாலரைத் தாண்டும்.

சட்டை, பேட் போன்றவற்றுக்குப் 'படப் பொருத்தம்'. பழைய செய்திப் படத்தைப் பெரிதாக்கி, சட்டையில் தைத்த எழுத்து எந்தப் பட்டனுக்குப் பக்கத்தில் வருகிறது, தையல் எங்கே கோணலாகப் போகிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுவார்கள். கையால் தைத்த காலத்தில் இரண்டு சட்டைகள் ஒரேபோல இருக்காது என்பதுதான் அடிப்படை. ரூத் சட்டை 1932-ன் அந்த ஆட்டத்தோடு இணைக்கப்பட்டது இப்படித்தான்.

இப்போது நடக்கும் ஆட்டங்களுக்கு நேரடிச் சாட்சி. மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு 2001-ல் தொடங்கிய திட்டப்படி, ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு சான்றாளர் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் காவல்துறைப் பின்னணி உள்ளவர். பந்தோ பேட்டோ தன் கண்முன் ஆட்டத்திலிருந்து வெளியே வந்தால், எண் போட்ட ஹாலோகிராம் ஸ்டிக்கரை ஒட்டுவார். பார்க்கவில்லை என்றால் ஒட்ட மாட்டார்.

இந்தத் திட்டம் சும்மா வரவில்லை. 1990-களில் போலிக் கையெழுத்துகள் பெருகி, எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்ற விசாரணையை நடத்தியது. ஒரு பெரிய போலிக் கும்பல் பிடிபட்டது. அவர்கள் விற்ற பொருள்களில் பலவற்றோடு 'அசல் என்பதற்கான சான்றிதழ்' இருந்தது. அதுவும் போலி. அவர்கள் தயாரிப்பில் அன்னை தெரசாவின் 'கையெழுத்து' போட்ட பேஸ்பால்கூட இருந்தது. சான் டியாகோ அணியின் நட்சத்திரம் டோனி குவின், தன் அணியின் கடையிலேயே தன்னுடைய போலிக் கையெழுத்து விற்பதைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

சான்று தருபவரே தவறினால்?

போலிச் சான்றிதழைவிட ஆபத்தானது, உண்மையான சான்றிதழில் இருக்கும் தவறு. வாக்னர் அட்டைகளில் மிகப் புகழ்பெற்ற ஒன்றின் கதை இதற்குப் போதும்.

1991-ல் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவரது கூட்டாளியும் சேர்ந்து ஒரு வாக்னர் அட்டையை சோத்பீஸ் ஏலத்தில் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு எடுத்தார்கள். பிஎஸ்ஏ அப்போதுதான் தொடங்கிய நிறுவனம். அது முதன்முதலாகத் தரம் போட்ட அட்டை இதுதான். தரம்: 8. எண்பது வயது அட்டைக்கு நம்ப முடியாத தரம். அந்த எண்ணின் பலத்தில் விலை ஏறிக்கொண்டே போய் 2007-ல் 28 லட்சம் டாலரைத் தொட்டது.

அட்டையின் ஓரங்கள் இவ்வளவு நேராக இருப்பது எப்படி என்று ஆரம்பத்திலிருந்தே முணுமுணுப்பு இருந்தது. அந்த அட்டை 1980-களில் பில் மாஸ்ட்ரோ என்பவர் கையில் இருந்தது. அவர் பிற்பாடு அமெரிக்காவின் மிகப் பெரிய விளையாட்டு நினைவுப் பொருள் ஏல நிறுவனங்களில் ஒன்றை நடத்தினார். 2013-ல் மோசடி வழக்கில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்த அட்டையின் பக்கவாட்டு ஓரங்களை வெட்டிச் சரிசெய்ததையும் ஒப்புக்கொண்டார். ஓரம் வெட்டிய அட்டைக்கு இப்படித் தரமே போடக் கூடாது என்பது கிரேடிங் துறையின் அடிப்படை விதி.

அவர்மீதான முக்கியக் குற்றச்சாட்டு வேறு. தன் ஏலங்களில் தன் ஆட்களையே பொய்யாக ஏலம் கேட்கவைத்து விலையை ஏற்றியது. இதை 'ஷில் பிட்டிங்' என்பார்கள். எதிரில் இருப்பது உண்மையான போட்டியாளரா, நிறுவனத்தின் ஆளா என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2015-ல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அது பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. கட்டமைப்பில் உள்ள கேள்வி அப்படியே இருக்கிறது. பிஎஸ்ஏ-வின் தாய் நிறுவனம் 2021-ல் கோல்டின் என்ற பெரிய ஏல நிறுவனத்தை வாங்கியது. தரம் போடுபவரும் விற்பவரும் மூன்று ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். 2024-ல் கோல்டினை ஈபேயிடம் விற்றார்கள். அதே ஆண்டில் போட்டி கிரேடிங் நிறுவனமான எஸ்ஜிசி-யை வாங்கினார்கள். இதில் முறைகேடு நடந்தது என்பதல்ல நம் வாதம். அட்டையின் சந்தை மதிப்பு கூடக்கூட, தரம் போடும் கட்டணமும் கூடுகிற முறை இருக்கிறது. நடுவர் நடுநிலையாக இருப்பார் என்று நம்பித்தான் கோடிகள் கைமாறுகின்றன. அந்த நடுவருக்கும் ஆட்டத்தில் காசு இருக்கிறது என்பதை வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, லாபம் வருமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

• ரூத் சட்டை: 2005-ல் 9.4 லட்சம் டாலர், 2024-ல் 2.412 கோடி. ஆண்டுக்குச் சுமார் 18.6 சதவீத வளர்ச்சி. அமெரிக்கப் பணவீக்கத்தைக் கழித்தாலும் சுமார் 16 மடங்கு.

• மேன்டில் அட்டை: 1991-ல் ஒரு தொழிலதிபர் 50 ஆயிரம் டாலருக்கு வாங்கினார், 2022-ல் 1.26 கோடி. 252 மடங்கு. ஆண்டுக்குச் சுமார் 19.5 சதவீதம்.

கேட்கவே நன்றாக இருக்கிறது. இப்போது அடுத்த பட்டியல்.

• மார்க் மெக்வயரின் 70-ஆவது ஹோம் ரன் பந்து: 1998-ல் அவர் ஒரே பருவத்தில் 70 ஹோம் ரன் அடித்து சாதனை படைத்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அந்தப் பந்தை, 'ஸ்பான்' காமிக்ஸை உருவாக்கிய டாட் மெக்ஃபார்லேன் சுமார் 30 லட்சம் டாலருக்கு எடுத்தார். 2001-லேயே பேரி பாண்ட்ஸ் 73 அடித்து சாதனையை முறித்தார். 2010-ல் மெக்வயர் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார். பந்து அதே பந்துதான், கதை உடைந்துவிட்டது.

• பாண்ட்ஸின் 73-ஆவது பந்து: கூட்டத்தில் ஒருவர் கையுறையில் விழுந்தது, தள்ளுமுள்ளில் இன்னொருவர் கையில் போய்ச் சேர்ந்தது. யாருக்குச் சொந்தம் என்று வழக்கு. விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று 2002-ல் கலிஃபோர்னியா நீதிபதி தீர்ப்பளித்தார். கோடிகளில் பேசப்பட்ட பந்து 2003-ல் 4 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குத்தான் போனது. இருவரில் ஒருவரிடம், அவருக்குக் கிடைத்த பங்கைவிட அதிகமான தொகையை அவரது வழக்கறிஞர் கட்டணமாகக் கேட்டார்.

• ஆரன் ஜட்ஜின் 62-ஆவது ஹோம் ரன் பந்து, 2022: பிடித்த ரசிகருக்கு 30 லட்சம் டாலர் தருவதாக ஒரு நிறுவனம் முன்வந்தது. அவர் ஏலத்துக்குப் போனார். இரண்டு மாதத்தில் கட்டணம் உட்பட 15 லட்சத்துக்குத்தான் விற்றது.

முதல் பட்டியல் மட்டுமே ஏன் நம் கண்ணில் படுகிறது? ஜெயித்தவைதான் செய்தியாகின்றன. விற்காமல் திரும்பிய பொருளும், அடி விலைக்குப் போன அட்டையும் தலைப்புச் செய்தி ஆவதில்லை. தரவுகளைப் படிக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இந்தப் பட்டியலில் இல்லாதது எது?' என்பதுதான்.

இன்னும் சில செலவுகள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஏலக் கட்டணம், காப்பீடு, பாதுகாப்பான சேமிப்பு. அமெரிக்காவில் பங்குகளின் நீண்டகால லாபத்துக்கு உச்ச வரி 20 சதவீதம் என்றால், சேகரிப்புப் பொருள்களுக்கு 28 சதவீதம். பணம் அவசரமாகத் தேவைப்பட்டால் மியூச்சுவல் ஃபண்டைப்போலச் சில நாளில் விற்க முடியாது, அடுத்த பெரிய ஏலத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நமக்கு இதில் என்ன?

கிரிக்கெட்டிலும் இது நடக்கிறது, அளவுதான் சின்னது. 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தோனி பயன்படுத்திய பேட், அதே ஆண்டு லண்டனில் ஒரு அறக்கொடை நிகழ்ச்சியில் 1 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. 1947-48-ல் இந்தியாவுக்கு எதிரான தொடரில் டான் பிராட்மேன் அணிந்த பச்சைத் தொப்பி, அவர் இந்திய அணியின் மேலாளருக்குப் பரிசாகக் கொடுத்தது, 2024 டிசம்பரில் சிட்னியில் கட்டணம் உட்பட 4 லட்சத்து 79 ஆயிரத்து 700 ஆஸ்திரேலிய டாலருக்கு விற்றது. ரூத்தின் ஒரு சட்டை விலையில் பிராட்மேன் தொப்பிகள் எழுபதுக்கு மேல் வாங்கலாம்.

இந்த இடைவெளியைக் காட்டி, 'கிரிக்கெட் கார்டுதான் அடுத்த பேஸ்பால் கார்டு, இப்பவே வாங்கிடுங்க' என்று யாராவது சொன்னால், 1980-களின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சேர்த்துவைக்கும் பொருள் அரிதாகாது. ஒரே அட்டையைப் பல நூறு பங்குகளாகப் பிரித்து விற்கும் செயலிகளும் அமெரிக்காவில் வந்துவிட்டன. அதில் பொருள் உங்கள் கைக்கு வராது, எப்போது விற்பது என்ற முடிவும் பெரும்பாலும் உங்கள் கையில் இருக்காது.

பிடித்த வீரரின் பொருளை ஆசைக்கு வாங்குவதில் ஒரு தவறும் இல்லை. அப்போதுகூட நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது யார் யார் கை மாறி வந்தது, இடையில் விடுபட்ட ஆண்டுகள் உண்டா? அசல் என்று சொன்னவர் யார், அவருக்கு இந்த விற்பனையில் பங்கு இருக்கிறதா? கட்டணமும் வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? நாளைக்கே விலை பாதியானாலும் இதை வீட்டில் வைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்குமா?

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். 2005-க்கும் 2024-க்கும் இடையில் அந்தச் சட்டையில் கூடியது எது? அந்தக் கதையை நம்பும் பணக்காரர்களின் எண்ணிக்கை கூடியது. நம்புவதற்கான சான்றின் மதிப்பு கூடியது. ரூத் உண்மையிலேயே அந்தப் பக்கம் கை காட்டினாரா என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. 200 கோடி ரூபாய் கொடுத்தவருக்கும் அந்தப் பதில் தெரியாது.